காய்ச்சுகிறவளின் மகன்

1

இந்தக் கதை இங்கிலாந்தில் எங்கள் தெருத் தபால்காரர் ப்ரூஸ்டரால் வந்தது. பழியை அவர்மேலேயே போட்டுவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு பாட்டில் பீர் நீட்டினேன்.

"ஐயோ, எனக்கு அந்த வாடையே ஆகாதும்மா. டீ இருந்தா குடுங்க."

மது காய்ச்சுகிறவர் என்று அர்த்தமுள்ள பெயரை வைத்துக்கொண்டு வாடை ஆகாதாம்! அன்றைக்குச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பெயரின் 'ஸ்டர்' என்கிற வால் பழைய ஆங்கிலத்தில் பெண்ணுக்கு ஒட்டிய வால் என்று எங்கோ படித்திருந்தேன். (பிற்பாடு ஆணுக்கும் ஒட்டியது என்று சண்டை போடுகிற அறிஞர்கள் உண்டு. போடட்டும்.) அப்படியானால், எவனோ ஒருவன் அப்பன் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் தொழிலைச் சுமந்திருக்கிறான். ஏன்? தெரியாது. தெரியாததால்தான் கற்பனை செய்கிறேன், பிள்ளைகளே.

2

"அறுநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன், யார்க்ஷயரில் குளிர் மிகுந்த ஒரு காலையில்—"

வேண்டாம். எங்கள் யார்க்ஷயரில் என்றைக்குக் குளிரில்லை?

"எம்மோட்டா பேரழகி—"

அதுவும் பொய். மது காய்ச்சும் கொப்பரையின் ஆவியில் வெந்த முகம் அவளுக்கு. இப்படித் தொடங்குகிறேன்: பிரபுவின் நில வழக்குகளைப் பார்க்கும் பண்ணை மன்றம் கூடிய நாளில், எம்மோட்டாவுக்கு விடிந்ததிலிருந்து வேலை எதுவும் ஓடவில்லை.

காரணம் அவள் புருஷன் ட்ரூ. பதினெட்டு வருடங்களுக்கு முன் பிரபுவின் குதிரையைத் திருடிக்கொண்டு ஓடியவன். வீடும் நிலமும் எம்மோட்டாவின் அப்பன் வழி வந்தவை. இன்றைக்கு அவற்றை மகன் எலியாஸுக்கு மாற்றித்தரக் கேட்கப்போகிறாள். "யார் மகன்?" என்று மன்ற எழுத்தர் கேட்பார். ட்ரூ மகன் என்றால் பழைய பதிவுச் சுருளைப் புரட்டுவார்கள். திருடன் மகனுக்கு நிலம் கிடையாது.

அந்த ஊரில் மது தயாரானால் வாசலில் ஒரு கம்பை நீட்டி, நுனியில் இலைக்கொத்துக் கட்ட வேண்டும். அதைப் பார்த்து ருசிபார்ப்பவர் வருவார். அவர் குடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் விற்கலாம். சத்தியம் செய்துகொடுத்து அந்த வேலையை ஏற்றிருந்தவர் கில்பர்ட்.

அன்று எம்மோட்டா கொத்தைக் கட்டினாள். உள்ளே மது இன்னும் நுரைக்கக்கூட இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு மகனோடு மன்றத்துக்குப் போய்விட்டாள்.

(பதினெட்டு வருடம் காய்ச்சியவள் இப்படியா மறப்பாள்? எனக்கும் சந்தேகம்தான். இப்போதைக்கு அது இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.)

3

மன்றத்தை நடத்தும் பிரபுவின் மேலாளர் ஊருக்குப் புதியவர். பக்கத்தில் எழுத்தர் இறகுப் பேனாவைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"எலியாஸ், எசமான்."

"யார் மகன்?"

சாட்சிப் பெரியவர்கள் பன்னிரண்டு பேருக்கும் ட்ரூவைத் தெரியும். கேட்டால் உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தவர்கள். தங்களைக் கேட்டுவிடுவார்களோ என்று பன்னிரண்டு பேரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள். எலியாஸ் வாயைத் திறந்தான்.

"நான் ட்—"

கதவு படாரென்று திறந்தது. கில்பர்ட்!

"எங்க அந்தக் காய்ச்சுறவ? கொத்தைத் தொங்கவிட்டுட்டுக் கதவைப் பூட்டிட்டு வந்தா, நான் என்ன சாவித் துவாரத்தையா நக்கிப் பாக்குறது?"

மன்றமே சிரித்தது.

"யாரைய்யா சொல்றே?" என்றார் மேலாளர்.

"இந்தா நிக்கிறாளே, இவதான் எசமான்! பக்கத்துல ஒட்டடைக்குச்சி மாதிரி நிக்கிறானே, அவனைப் பெத்தவ. நாலு ஊருல இவ ஒருத்திதான் ஒழுங்கா காய்ச்சுறா, அதான் இந்தத் திமிரு!"

"கோவிச்சுக்காதண்ணே. கவலையில மறந்துட்டேன்."

"கவலையாம்! இங்க நாக்கு காஞ்சு கிடக்கு."

மேலாளருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். எழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதுய்யா. காய்ச்சுறவ மகன் எலியாஸ். நிலம் அவனுக்கு. ஏம்மா, பொய்க் கொத்துக் கட்டினதுக்கு அபராதம் உண்டு, தெரியுமில்ல? சரி, அடுத்து யாரு?"

எம்மோட்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருடமாக அடக்கிவைத்த மூச்சு, சிரிப்பாக வந்தது.

"எழுந்திரும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்டா."

4

முடிவு ஒன்று: ட்ரூ அதே குதிரையில் திரும்பி—

அடித்துவிட்டேன். அவன் எங்கேயாவது சுகமாக இருக்கட்டும். இங்கே வரவேண்டாம்.

முடிவு இரண்டு: கில்பர்ட் அவள் வீட்டுக்கே போய், பக்குவமாகாத மதுவை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிக்கிறார்.

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு நேத்தே உங்ககிட்ட சொன்னேனேண்ணே," என்கிறாள் எம்மோட்டா.

கில்பர்ட் வாயைத் துடைத்துக்கொள்கிறார். கிண்ணத்தை மறுபடி நீட்டுகிறார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

(அடைப்புக்குறிக்குள் விட்ட சந்தேகத்தை இங்கே திறந்துவிடுகிறேன். அது மறதியா, இருவருமாகப் போட்ட திட்டமா? எழுதிய எனக்கே தெரியவில்லை.)

முடிவு மூன்று: நேற்றுத் தபால்காரருக்கு டீ கொடுத்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். நிலம் கிடைத்த இடத்தில் "அப்பாடா!" என்று கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ மறந்தாளா, வேணும்னே கட்டினாளா? நீங்களே சொல்லுங்க," என்றேன்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் மறதி கிடையாதும்மா," என்று சொல்லிவிட்டு, என் கையில் கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பார்த்தேன். அத்தனையும் பக்கத்து வீட்டுக் கடிதங்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். அதற்குள் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.