பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

தல்லேத் தீவின் தொழுநோய் மருத்துவமனையில் பதினேழு பேர் பதினொரு ஆண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்ந்துவந்தார்கள். நோய் குணமாகி வெகுகாலமாகியும் கரையிலிருந்த சொந்தங்கள் கூசியதால், தங்கள் பெயர் யார் கண்ணிலும் படக் கூடாதென்று கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள். நோயாளிகளின் பதிவுகளை வைக்க யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர் வந்திறங்கிய வருடம் அதைப் பராமரித்த பெக் என்பவர் இரக்கப்பட்டு, அவர்களுடைய கோப்புகளின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியில் தொடங்கும் பெயரை யூனிக்ஸ் பட்டியலில் காட்டாது. மறுநாள் காலை ஆட்களும் தெரியவில்லை. குரல் இருந்தது, நிழல் இல்லை. தேவாலயத்தில் பாட்டுச் சத்தம் குறையவில்லை. ஒரே மாதத்தில் தீவு பழகிக்கொண்டது. எதிரே யாரும் தெரியாதபோதும் சற்று ஒதுங்கி நடப்பது அங்கே மரியாதையாயிற்று. ஒருமுறை சர்வர் அரைமணி நேரம் நின்றபோது பதினேழு குரல்களும் நின்றன. அது ஓடத் தொடங்கியதும் பாதியில் விட்ட பேச்சை முடித்தார்கள்.

பெக் யாரிடமும் புள்ளியைப் பற்றிச் சொல்லாமல் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த மிரியோங்குக்கு, சர்வரின் பழைய வட்டை அழித்துப் புதிய இயங்குதளம் நிறுவும்படி உத்தரவு வந்தது. எல்லாக் கோப்புகளையும் டேப்பில் நகலெடுத்தாள். நகலெடுக்கும் கட்டளையில் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தாள். அந்தக் குறி புள்ளி வைத்த பெயர்களைத் தொடாது. திரையிலும் இருநூற்றுப் பன்னிரண்டு, டேப்பிலும் இருநூற்றுப் பன்னிரண்டு. அழிப்பதற்கு முன் சாப்பிடப் போனவள், நோயாளிகளின் பதிவு அத்தனையும் பத்திரம் என்று சமையல்காரி கப்சூனிடம் சொன்னாள்.

"எரநூத்திப் பன்னெண்டா? நான் தெனமும் எரநூத்தி இருபத்தொம்போது கிண்ணம் கழுவுறேன். ஒன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அந்தப் பதினேழு பேரோட பேரு அதுல இல்லக்கா. தேடிப் பாத்துட்டேன்."

"இல்லைங்கிறது வேற, தெரியலைங்கிறது வேற. மொகத்தப் பாத்தா நான் சோறு வைக்கிறேன்?"

மிரியோங் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், மறைந்திருப்பதையும் காட்டச் சொல்லிச் சர்வரைக் கேட்டாள். பதினேழு பெயர்கள் புள்ளியோடு வந்து நின்றன. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடி நகலெடுத்தாள். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகே வட்டை அழித்தாள்.

இரண்டு நாள் தீவில் பதினேழு குரல்கள் இல்லை. கப்சூன் அவர்களுக்கு வைத்த சோறு அப்படியே ஆறியது. அடுத்த வேளையும் வைத்தாள். மூன்றாம் நாள் முற்பகலில் கோப்புகள் திரும்பி ஏறியதும், சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் யாரோ சூப்பில் உப்புக் குறைவு என்றார்கள்.

மிரியோங் கூடத்தில் நின்று, யாருக்காவது புள்ளியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். பதினாறு பேர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். ஓக்தன் என்ற எழுபத்துநான்கு வயதுப் பெண் மட்டும் ஒருநாள் யோசித்துவிட்டு, "எடுத்துரும்மா. சனிக்கெழம தங்கச்சி வர்றா" என்றாள்.

சனிக்கிழமை மதியப் படகு வந்தபோது ஓக்தன் நல்ல உடை உடுத்தி, காலடியில் நிழலோடு படகுத்துறையில் நின்றாள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஆள் இறங்க வழிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கயிறு கட்டுகிறவன் சொன்னான். அவள் தள்ளி நின்றாள்.