அழுத்தியது இரண்டு பேர்

டின்னின் அடியில் கரண்டி உரசிய சத்தம் கேட்டதுமே ருக்கு அதை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். சாய்த்துப் பார்த்தாள். இழுத்துப் பிடித்தால் ஒரு வாரம் வரலாம். இடுப்பிலிருந்த சங்கவியோ, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல அம்மாவின் நைட்டிப் பட்டனைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கவிக்குப் பசும்பால் ஆகாது. ஒரு வாய் உள்ளே போனாலும் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்த பால்மாவு ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் அதைக் கேட்டு வாங்க இவளைத் தவிர வேறு ஆளே கிடையாது. முன்பெல்லாம் பஜாரில் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார், இவளுக்காகவே போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வரவழைத்துக் கொடுப்பார்.

அப்புறம்தான் பொத்தான் வந்தது. திருச்சியிலிருக்கும் நாத்தனார் ஷோபனா அனுப்பியது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒரு அழுத்து அழுத்தினால் போதும், டின் ஆர்டர் ஆகிவிடும். மற்றதெல்லாம் ஷோபனாவின் போன் பார்த்துக்கொள்ளும். சும்மா சொல்லக் கூடாது, பொத்தான் நன்றாகத்தான் உழைத்தது. மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைய வேண்டாம், "வந்துச்சா பாய்?" என்று கெஞ்ச வேண்டாம். ருக்கு மகாராணி மாதிரி இருந்தாள். ஜப்பார் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இந்த முறை கப்பல் வந்தது, ஊரார் பார்சலெல்லாம் வந்தது, இவளுடையது மட்டும் வரவில்லை. ஷோபனாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"அது கேன்சல் ஆயிடுச்சே அண்ணி. பாப்பா சோறு சாப்பிட ஆரம்பிச்சுட்டா போல, அதான் நீங்களே வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு கேன்சல் பண்ணப்போறேன்? அன்னிக்குக் காலையில ஒரே ஒரு தடவைதான் அழுத்துனேன்."

"அனுப்பறதுக்குள்ள இன்னொரு தடவை அழுத்துனா கேன்சல் ஆயிடும் அண்ணி. அன்னிக்கு சாயந்திரமும் யாரோ அழுத்தியிருக்காங்க."

வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் ஸ்ரீதர், ஒரு கை சட்டையில் இருக்க அப்படியே நின்றான்.

"நான்தான்," என்றான். "அன்னிக்கு ஜஹாஜ் கேன்சல்னு சொன்னாங்கல்ல? ஜஹாஜ் கேன்சல்னா டிக்கெட்டும் போயிடும், திரும்பப் போடணும். இதுவும் அப்படித்தான்னு நெனச்சு..."

ஜஹாஜ் என்று தீவில் சொல்லும் கப்பலை நம்பியே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? ஆனாலும் ருக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பயந்துடுவியேன்னுதான்."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கேனாக்கும்."

ஷோபனா உடனே மறுபடி ஆர்டர் போட்டாள். ஆனால் அது மெயின்லேண்டிலிருந்து வந்து சேர்வதற்குள் டின் காலியாகிவிடும். ருக்கு வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஜப்பார் கடைக்குப் போனாள்.

"நீங்க வர்றதில்ல தங்கச்சி, நானும் எடுக்கறத விட்டுட்டேன். உங்க ஒருத்தருக்காகத்தானே எடுத்தேன்," என்றார் அவர். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் போர்ட் பிளேரிலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். "அடுத்த ஜஹாஜ்ல வர்ற யார் கையிலயாவது குடுத்து விடச் சொல்லியிருக்கேன். மௌசம் மட்டும் டீக்கா இருக்கணும்."

மௌசம் டீக்காக இல்லை; வானிலை மோசமாகியது. காற்று தென்னையைப் பிடித்து உலுக்கியது. கப்பல் ஒருமுறை தள்ளிப்போனது. கரண்டி அளவைப் பாதியாக்கினாள் ருக்கு. பாலில் தண்ணீர் கூடியதைச் சங்கவி கண்டுபிடித்து, வீறிட்டு அழுது பாட்டிலைத் தட்டிவிட்டாள். கஞ்சி கொடுத்தால் துப்பினாள். பிள்ளை மெலிவதை ருக்கு இடுப்பிலேயே உணர்ந்தாள்.

ஜப்பாருக்குப் போன் பண்ணி இன்னொரு முறை கேட்கலாமா என்று கை துறுதுறுத்தது. ஆனால் பயமாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டால் முதல் தடவை கேட்டதும் இல்லாமல் போய்விடுமோ? பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். அந்தச் சனியன் பிடித்த பொத்தான் மனசை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

"நீங்க யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க," என்று புருஷனுக்குக் கட்டளை போட்டாள். "நான் சொல்லியாச்சு. அது போதும்." ஸ்ரீதர் பெரிதாகத் தலையாட்டினான்.

கப்பல் வந்த காலை, கடைசி மாவையும் தட்டிக் கரைத்துக் கொடுத்துவிட்டு மூவரும் கப்பல் ஒதுங்கும் ஜெட்டிக்கு வந்தார்கள். மூட்டையும் கோழிக்கூடையுமாக ஜனம் இறங்கியது. பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. ருக்கு மிச்சமிருந்தவர்களின் கையையே பார்த்தாள்.

"சங்கவி கீ மம்மி கௌன் ஹை?" என்று சங்கவியின் அம்மாவை இந்தியில் தேடிக்கொண்டே வந்தாள் ஒரு தெலுங்குக்காரி. கையில் ஜப்பாரின் மச்சான் கொடுத்தனுப்பிய டின். ருக்கு அதைப் பறிக்காத குறையாக வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போது தலைப்பாகை கட்டிய பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் தோள்பையைத் துழாவியபடி வந்து நின்றார். "ஸ்ரீதர் பாபு? பச்சி கா தூத்," என்று குழந்தையின் பால் டின் இன்னொன்றை நீட்டினார்.

ருக்கு திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சேன். நீ வேணாம்னுதான் சொன்ன. மனசு கேக்கல ருக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். இரண்டு டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் வந்துடுச்சுங்க," என்றாள். அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதாள்.