நாற்பத்தொரு விநாடி

எங்கள் ஆபீஸில் மௌனத்துக்கு ஏழு விநாடிதான் அனுமதி. அதற்கு மேல் போனில் இரண்டு பக்கமும் பேச்சு இல்லையென்றால் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் மின்னத் தொடங்கும். என் திரையில் மட்டுமல்ல, டீம் லீடர் உதயகுமார் திரையிலும், பெங்களூர் தலைமை ஆபீஸில் நாங்கள் பார்த்தேயிராத யாரோ ஒருவர் திரையிலும் மின்னும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் விளக்கக் கடிதம். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுகிறோம் என்பது இரண்டாம் பட்சம்.

நான் வளர்ந்த இடத்தில் நிலைமை நேர் எதிர். மண்டி மொஹல்லாவில் என் அப்பா ஆறுமுகசாமிக்கு வரமிளகாய்க் கமிஷன் கடை. விலையைச் சொன்ன பிறகு அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சாக்கிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார். எதிரே நிற்கும் வியாபாரி மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், தன் செருப்பைப் பார்ப்பார், கடைசியில் தானாகவே கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். விலைக்குப் பிறகு முதலில் பேசுகிறவர் மடியிலிருந்துதான் பணம் இறங்குகிறது என்பதை ஆறாம் வகுப்பிலேயே கவனித்துவிட்டேன்.

அந்தக் கடையிலேயே நானும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்கு மூச்சிரைப்பு. மிளகாய் நெடி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும். குடோன் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முப்பது வருசமா நானும் தும்மிக்கிட்டுத்தான இருக்கறேன்” என்றார். கடைசியில் பேரம் படிந்தது. மூன்று மாதம் வெளியே வேலை பார்க்கலாம். வேலை நிரந்தரமானால் சரி. இல்லையென்றால் மூட்டைகளுக்கு நடுவில், கல்லாவுக்குப் பின்னால்.

அந்த மூன்று மாதம் இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. இந்தக் கடைசி மாதத்தில் இருபது விற்றால் நிரந்தரம். பத்தொன்பது விற்றிருந்தேன். மணி ஐந்து பத்து.

விஜயநகரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ். விற்பது, கடைகளுக்கு பில் போடும் மெஷின். தமிழ்ப்ரியா என்ற பெயரைப் பார்த்தே என்னைத் தமிழ் வரிசையில் போட்டார்கள். நான் படித்தது கன்னட மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வீட்டார் எல்லையோரக் கொள்ளேகாலத்துக்காரர்கள் என்பதால் கோபி, அந்தியூர், சத்தியமங்கலம் கடைக்காரர்களிடம் என் பேச்சு ஒட்டிக்கொள்ளும். நம்பரை நாங்கள் அழுத்துவதில்லை. கம்ப்யூட்டரே அழைத்துக் காதில் கொண்டுவந்து கொட்டும். ஒருவர் திட்டிவிட்டு வைத்த நான்காவது விநாடி அடுத்தவர் ‘ஹலோ’ என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைய போணி ஆகும்வரை உட்காரக் கூடாது. போணி ஆகாதவர்களின் நாற்காலிகளை உதயகுமாரே தூக்கிச் சுவரோரம் அடுக்கிவிடுவார். நான் காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன்.

“ஏனுங்க, நாங்க பில்லே போடறதில்லைங்க.” வைத்துவிட்டார்.

“கடைய மூடி ஆறு மாசம் ஆச்சும்மா. வாங்கிக்கறீங்களா?” அவரே எனக்கு விற்கப் பார்த்தார்.

“நேத்தும் நீதான பேசுன?” அது நானில்லை. ஆனாலும் அந்த வசவு முழுவதும் எனக்குத்தான் வந்தது.

பக்கத்துக் கன்னட வரிசையில் ரூபா, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள். “பிரியா, கால் வலிக்கலியா? ஒரு ஸ்டூல் இழுத்து ஒளிச்சு வெக்கட்டா?”

“வேணாம். உட்கார்ந்தா தூங்கிருவேன்.”

உதயகுமார் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். சாமராஜநகர் பஸ் ஸ்டாண்டில் குடைக்குக் கீழே சிம் கார்டு விற்று மேலே வந்தவர். கெட்டவர் இல்லை. பெங்களூரிலிருந்து போன் வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார். அவர் குழுவுக்கும் அன்று ஒன்றே ஒன்றுதான் குறைவு. அது என் இருபதாவது.

“பேக பேக, சீக்கிரம், தமிழ்ப்ரியா. நாப்பது நிமிஷம்தான் இருக்கு. வாய்க்கு லீவு குடுக்காத.”

ஐந்து முப்பத்தொன்றுக்கு ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் பஸ் ஹாரன், தராசுத் தட்டின் சத்தம்.

“பழனாத்தாள் ஸ்டோர்ஸுங்க. ஆருங்க?”

சொன்னேன். அந்தியூரில் மளிகைக் கடை, அவரேதான் முதலாளி. துண்டுச் சீட்டில் எழுதிக் கூட்டுவதில் தினம் ஒரு சண்டை வருகிறது என்றார். அதைக் கேட்டதும் என் முதுகு நிமிர்ந்தது. மெஷினைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே கேட்டதெல்லாம் வாங்குகிறவர் கேட்கிற கேள்விகள். கரண்டு போனால் ஓடுமா? ரிப்பேர் என்றால் யார் வருவார்?

“வெல என்னன்னு சொல்லு அம்மிணி.”

“பதினெட்டாயிரத்து ஐநூறுங்க.”

“பன்னண்டுன்னா சொல்லு. இல்லீன்னா நான் பருப்பு நிறுக்கப் போறேன்.”

“பன்னண்டுக்கு மெசினோட படம்தானுங்க வரும்.”

அவர் சிரித்தார். “வாயி நெம்பத்தான் இருக்குது. செரி, பதிமூணு.”

நான் பதினெட்டு என்றேன். அவர் பதினாலு என்றார். எங்களுக்குக் கொடுத்திருந்த கடைசி வரம்பு பதினைந்தரை. அதற்குக் கீழே போனால் யார் குறைத்தாரோ அவர் பெங்களூருக்கு விளக்க மெயில் எழுத வேண்டும். ஆனால் இவர் பதினைந்தரைக்கு வாங்குகிற ஆள் இல்லை, அதற்கு மேலேயே வருவார். அவர் குரலிலேயே மெஷின் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

“பதினேழாயிரத்து ஐநூறுங்க. இதுக்குக் கீழ இல்லீங்க.”

சொல்லிவிட்டு வாயை மூடினேன்.

யோசித்துச் செய்ததில்லை. விலை சொன்ன நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மறுமுனையிலும் சத்தமில்லை. இல்லை, சத்தம் இருந்தது. டப்பா மூடுகிற ஓசை. யாருக்கோ சில்லறை எண்ணிப் போடுகிற ஓசை. அவர் போனை வைக்கவில்லை.

ஏழு விநாடி. கட்டம் சிவந்தது.

ரூபா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினொன்று. பன்னிரண்டு. உதயகுமார் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். கையால் வாயைத் திறந்து மூடிக் காட்டினார். பேசு. நான் தலையை ஆட்டினேன். பதினெட்டு. அவர் எழுந்து வந்து என் மேஜையில் கிடந்த தாளில் பெரிதாக எழுதினார். கன்னடத்தில்தான் எழுதினார், எனக்கு நன்றாகவே படிக்க வந்தது: ‘தள்ளுபடி கொடு.’

இருபத்தைந்து.

மறுமுனையில் மூச்சு கேட்டது. பழனாத்தாள் அம்மாவும் எங்கள் அப்பா படித்த பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார். அவரும் எனக்காகக் காத்திருந்தார். நான் பேசினால் பதினைந்தரைக்கு இறங்குவேன். அவர் பேசினால் ஏறுவார்.

“பெங்களூர்ல பாக்கறாங்க,” என்று உதயகுமார் என் காதருகே கிசுகிசுத்தார். “முப்பது செகண்டு ஆச்சும்மா. அந்த லேடி செத்துட்டாங்களா என்ன?”

முப்பத்தைந்து. தராசுச் சத்தம் நின்றது. போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றும் சரசரப்பு. வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. முப்பத்தொன்பது. நாற்பது. அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

நாற்பத்தோராவது விநாடியில் உதயகுமார் தன் ஹெட்போனை மாட்டி என் லைனுக்குள் நுழைந்தார். டீம் லீடர்களுக்கு அந்த வசதி உண்டு.

“அம்மா, வணக்கம்மா, நான் மேனேஜர் பேசறேன். உங்களுக்காக ஸ்பெஷலா பதினாறரை போட்டுத் தரேம்மா.”

மறுமுனையில் அமைதி. இந்த முறை வேறு மாதிரி அமைதி. எதிரே வந்து நிற்கும் மாட்டை ஏற இறங்கப் பார்க்கிற மாதிரி.

நான்கு விநாடி தாங்கினார் உதயகுமார். “சரிம்மா, பதினஞ்சரை.”

அமைதி.

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கண் கட்டத்தின் மேலேயே இருந்தது. ஐந்து. ஆறு.

“பதினாலும்மா. பதினாலு. இன்னைக்கு மட்டும்தான்.”

“அனுப்புங்க,” என்றார் பழனாத்தாள். “பேப்பர் ரோல் பத்து சேத்து அனுப்புங்க.”

பணம் கட்டும் லிங்க் அவர் போனுக்குப் போனது. இரண்டே நிமிடத்தில் பணம் வந்து சேர்ந்தது. விலாசம் சரிபார்ப்பது என் வேலை என்பதால் உதயகுமார் லைனை விட்டுக்கொடுத்தார், ஹெட்போனை மட்டும் கழற்றவில்லை.

விலாசம், பின்கோடு எல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் பழனாத்தாள் கேட்டார்: “கண்ணு, நடுவுல பூந்தாரே, அவரு ஆரு?”

“எங்க மேனேஜருங்க.”

“பதினேழரைக்குச் செரீன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள வந்துட்டாரு. நல்ல மனுசன். அவர அங்கயே வெச்சிருங்க, எம்பட தங்கச்சியும் ஒரு மெசினு கேட்டுட்டிருக்கறா.” வைத்துவிட்டார்.

எங்கள் பேச்சு எல்லாம் பதிவாகிறது. அந்தக் கடைசி வாக்கியமும் பதிவாகிவிட்டது. உதயகுமார் மெதுவாக ஹெட்போனைக் கழற்றினார். மணி ஐந்து ஐம்பத்துமூன்று.

விற்பனை நடந்தால் அடிக்கிற மணியை யாரும் அடிக்கவில்லை.

டீம் லீடர் நுழைந்து முடித்த விற்பனை டீம் லீடருக்குத்தான் சேரும் என்பது விதி. அவர் பெயரில் போட்டால், குழுக் கணக்கில் அது சேராது, வரம்புக்குக் கீழே குறைத்ததும் அவர்தான் என்று ஆகிவிடும். நான் பத்தொன்பதிலேயே நிற்பேன். என் பெயரில் போட்டால் எனக்கு இருபது. ஆனால் குறைத்தவள் நானாகிவிடுவேன், தற்காலிக ஆளுக்கு அது ஒன்று போதும், மறுநாளே அனுப்பிவிடுவார்கள். ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் அன்றைய பதிவை மூடிவிடும்.

அவர் என் மேஜையில் சாய்ந்துகொண்டார். குரல் தேன் மாதிரி இருந்தது. “தமிழ்ப்ரியா, இத உன் பேர்லயே போட்டுக்கோ. இருபது ஆச்சில்ல? கஷ்டப்பட்டிருக்க.”

“சேல் என் பேர்ல, சார். தள்ளுபடி உங்க பேர்ல. மெயில் நீங்க எழுதுங்க.”

விலையைச் சொல்லிவிட்டேன். வாயை மூடினேன்.

“அது எப்படிம்மா முடியும்? ரெண்டும் ஒரே ஃபார்ம்ல வருது.”

நான் அவர் எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளுபடி கொடு.

“சரி, சின்னத் தப்பு, பொண்ணு தெரியாம குறைச்சிட்டான்னு நான் சொல்றேன். உன்ன எதுவும் பண்ண மாட்டாங்க. நான் இருக்கேன்ல?”

ஐந்து ஐம்பத்தைந்து. இவர் பேசாமல் எழுந்து போய்த் தன் பெயரிலேயே போட்டுவிட்டால் நாளைக் காலை நான் மிளகாய்க்கு நடுவில். நெஞ்சுக்குள் அந்த விசில் இப்போதே லேசாக அடித்தது. தாளின் மூலையைக் கிள்ளத் தொடங்கினேன்.

“ஏதாவது பேசும்மா.”

ரூபா தன் வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் எங்கள் மேல்.

ஐந்து ஐம்பத்தேழு. உதயகுமார் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் தன் ஷூவைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

“கர்மா,” என்றார். “மெயில் நான் போட்டுக்கறேன். ஃபார்ம்ல ஒப்புதல்னு இருக்கற எடத்துல என் பேர் போடு. சீக்கிரம்.”

போட்டேன். ஐந்து ஐம்பத்தெட்டு. அவரே போய் மணியை அடித்தார். ரூபா சுவரோரத்திலிருந்து என் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தபோதுதான் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

நிரந்தர வேலைக்கான கடிதத்தை ஆறே காலுக்கு அச்செடுத்துக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் என் பெயர், சம்பளம். கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் இரண்டாம் பக்கம் ஒன்று இருப்பதைக் கவனித்தேன். மண்டியில் பிறந்துவிட்டு, மூட்டையின் வாயைப் பார்த்து வாங்கியிருக்கிறேன், அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லை. நிரந்தர ஊழியர்களுக்கு இலக்கு மாதம் முப்பது. மௌனத்துக்கு அனுமதி ஐந்து விநாடி.

“உனக்குத் தெரியாதா?” என்றாள் ரூபா. “நான் அஞ்சுக்கே ரெண்டு வருஷமா பழகிட்டேன். வீட்டுல சாமி கும்பிடறப்ப கூட வாய் நிக்க மாட்டேங்குது.”

படியிறங்கும்போது அப்பா கூப்பிட்டார். “என்னாச்சு?”

“நிரந்தரம் ஆயிருச்சுப்பா. இனிமே கடைக்கு வர மாட்டேன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார். நானும் பேசவில்லை. இன்று ஒருவர் இல்லை, இரண்டு பேருக்கு எதிரே நான் வாயைத் திறக்காமல் தாங்கியிருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவது விநாடியில் என் வாய் தானாகத் திறந்தது. “சனிக்கிழமை மட்டும் அரை நாள் வர்றேம்ப்பா.”

“செரி,” என்றார் அப்பா.