கடல்காகத்துக்குப் பெயர் வந்த அமாவாசை

முனைக்கரையில் பெயரில்லாத பறவைகள் யார் வீட்டுச் சுவரிலும் உட்காரக் கூடாது, நின்றுகொள்ளலாம். சிவக்கொழுந்துவின் மொட்டைமாடிச் சுவரில் ஒரு வெள்ளைப் பறவை வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. கடலிலிருந்து வரும், நிற்கும், கால் கடுத்ததும் போய்விடும்.

அன்று தை அமாவாசை. சிவக்கொழுந்து இறந்துபோன அப்பாவுக்குப் படைத்த சோற்றைச் சுவரில் வைத்துவிட்டுத் தொண்டை வறள, கா கா என்று கூப்பிட்டான். காகம் வாய் வைக்காமல் வீட்டில் யாரும் கை நனைக்க முடியாது. ஊர்க் காகங்களோ மொத்தமாகப் பக்கத்து ஊர்க் காதுகுத்துக்குப் போயிருந்தன.

வந்திருந்தாலும் பெரிய பலன் இல்லை. அப்பா கருப்பையாவுக்குக் கடல் என்றாலே ஆகாது. "கடலோரத்துல வீடு கட்டினே, உன் வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது" என்று சொன்னவர், செத்த பிறகும் சொல் மாறவில்லை. அமாவாசைதோறும் காகமாக வருவார், இலையைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு பறந்துவிடுவார். அவர் ஒரு பருக்கை தொட்டால் போதும் என்று சிவக்கொழுந்து ஏங்கிக் கிடந்தான். இன்றைக்குப் பசி வேறு.

மனைவி தையல்நாயகி மாடிக்கு வந்தாள். "ஏங்க, சோறு காயுது. அந்தா நிக்கிற வெள்ளைப் பறவைக்கு ஒரு பேரை வச்சு உக்காரச் சொல்லுங்களேன்."

"நீ கடல்காகம்" என்றான் சிவக்கொழுந்து.

"அர்த்தம்?" என்றது பறவை. பெயர் வைத்தவன் பொருள் சொல்ல வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு.

"கடல்ல இருக்கிற காகம்."

"நான் வெள்ளையால்ல இருக்கேன்?"

"எங்கப்பா எலுமிச்சம்பழ நிறம். பேரு கருப்பையா."

பறவைக்கு அது நியாயமாகப் பட்டது. உட்கார்ந்தது. சற்று நேரத்தில் அதன் கழுத்து அப்பாவைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்தது. முதலில் வடையைத் தின்றது, பிறகு சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்தது.

"வாழைக்காயில உப்பு பத்தல" என்றது, அப்பாவின் குரலில்.

சிவக்கொழுந்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் உப்பு எடுத்து வருவதற்குள் பறவை நேராகப் போய் அலைமேல் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, ஆழத்துக்குப் போகாதீங்க!" என்று கத்தினான். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது.

பிறகு வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மாலையில் வாசற்கதவை யாரோ தட்டினார்கள். தையல்நாயகி திறந்தாள். கடல் நின்றுகொண்டிருந்தது.

"பெரியவர் கரையேற மாட்டேங்கறார்" என்றது கடல். "துண்டு மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னார்."

தையல்நாயகி கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

"நனைக்காம கொண்டுபோங்க" என்றாள்.