இரண்டாவது கான்

முத்துலிங்கம் கடலுக்குப் போன காலத்தில் அவருடைய படகில் எப்போதும் இரண்டு தண்ணிக்கான்கள் இருக்கும். ஒன்று அவருக்கு. மற்றது யாருக்கென்று அவருக்கே தெரியாது.

"கடலிலை காணுறவைக்கு. முதல் தண்ணி, பிறகுதான் கதை" என்பார். எஞ்சின் பழுதாகி நிற்பவனோ வழி தப்பியவனோ, ஊர் பேர் கேட்க முன்னம் கானை நீட்ட வேண்டும். அதற்கும் ஒரு முறை இருந்தது. தாகத்தில் கிடந்தவனிடம் கானை அப்படியே கொடுக்கக் கூடாது. மூடியில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். முதல் மூடி வாய் கொப்பளிக்க, இரண்டாவது நாக்கை நனைக்க, மூன்றாவதுதான் குடிக்க.

அவரைக் கலியாணம் கட்டி, கடற்கரை ஊரான அளம்பிலுக்கு வந்த புதிதில் கமலாசனி சிரித்திருக்கிறாள்.

"கடலுக்கை தண்ணிப் பந்தலோ போட்டிருக்கிறியள்?"

"ஓம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருசத்திலை ஒருக்கால்தான் பந்தல். என்ரை பந்தல் ஒவ்வொரு நாளும்."

அந்தப் பொங்கலுக்கு ஒருமுறை மகன் கிருசாந்தனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுக்கு ஆறு வயது. கடல் தண்ணீர் எடுத்து வந்து, எண்ணெய்க்குப் பதில் அதிலேயே அம்மனுக்கு விளக்கெரிப்பதை அண்ணாந்து பார்த்தவன், சனத்துக்குள் உரத்துக் கேட்டான்.

"அம்மாளாச்சிக்கு விளக்கெரியிற தண்ணி, எங்களுக்கு ஏனப்பா குடிக்க ஏலாது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துலிங்கம் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். "அவா வெளிச்சம் தருவா. தண்ணியை நாங்கள்தான் குடுக்கவேணும்."

முத்துலிங்கம் போரின் கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து செத்தார். மூன்று வருசம் கழித்து, அவுஸ்திரேலியாவுக்கென்று கிருசாந்தன் படகேறினான். அதே படகில் போய் உயிர் தப்பிய நிருஷன் என்ற பொடியன் பிறகொரு நாள் கமலாசனிக்குப் போன் எடுத்தான். ஐந்தாம் நாள் தண்ணீர் முடிந்ததாம். ஏழாம் நாள் ஒரு பெரிய கப்பல் வந்ததாம். இவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். அடுத்த கப்பல் வந்தபோது கிருசாந்தன் உயிரோடு இல்லை.

"ஒரு மிடறு தண்ணியெண்டாலும் குடுத்தவையோ, தம்பி?"

நிருஷன் போனை வைத்துவிட்டான். அந்தக் கேள்வியோடு அவள் பன்னிரண்டு வருசம் இருந்துவிட்டாள்.

இப்போது தங்கச்சியின் மகன் ரூபன்தான் தொழிலுக்குப் போகிறான். காலையில் அவள் இரண்டு கான்களையும் நிரப்பி வாசல் படலையடியில் வைப்பாள். அவன் ஒன்றைத்தான் தூக்குவான்.

"போன் இருக்கு, ஜிபிஎஸ் இருக்கு. உது சும்மா பாரம், பெரியம்மா."

பின்னேரம் மற்றக் கான் தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போகும்.

ஒரு மார்கழிக் காலையில், கரைக்குக் கிட்ட ஒரு பழைய மரப்படகு எஞ்சின் செத்து நின்றது. நூறு பேருக்குக் குறையாது. பர்மாப் பக்கத்துச் சனம் என்று கதைத்தார்கள். சோற்றுப் பார்சலும் பிஸ்கற்றுமாக ஊர் கரையில் கூடிவிட்டது. குறுக்கே ஒரு சீருடைக்காரன் நின்றான். ஒருவரையும் இறக்கக் கூடாது, மேலிடத்துப் பதில் வரும்வரை பொறுங்கள் என்பதுதான் அவனுக்கு வந்த உத்தரவு.

கமலாசனி கானை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ரூபன், படகைத் தள்ளு."

"மீன்பிடிப் பாசைப் பறிச்சாங்களெண்டால் நான் என்னத்தைத் தின்னுறது, பெரியம்மா?"

அவள் சீருடைக்காரனிடம் போனாள். "தம்பி, இறக்க வேண்டாமெண்டுதானே உத்தரவு? தண்ணி குடுக்க வேண்டாமெண்டும் சொன்னவையோ?"

அந்தச் சிங்களப் பொடியன் தனக்குத் தெரிந்த தமிழில் தடுமாறினான். "அது... சொல்ல இல்லை, அம்மா."

"அவை சொல்லாததை நீயும் சொல்லாதை, ராசா."

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு றோட்டுப் பக்கம் திரும்பி நின்றான். ரூபன் இன்னும் அசையவில்லை. அவள் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், இடுப்பு.

"ஐயோ, உங்களுக்கென்ன விசரோ! நில்லுங்கோ, வாறன்!"

அவளை ஏற்றிய ரூபனின் படகு மரப்படகுக்குக் கிட்டப் போனதும் அதன் விளிம்புக்கு மேலால் கைகள் நீண்டன. கமலாசனி கானைக் கொடுக்கவில்லை. கைகள் ஆத்திரத்தோடு இன்னும் நீண்டன. அவள் மூடியைக் கழற்றித் தண்ணீர் வார்த்து, தன் வாயைக் கொப்பளித்துக் கடலில் துப்பினாள். இரண்டாவதில் நாக்கை நனைத்தாள். மூன்றாவதைக் குடித்தாள். பிறகு மூடியையும் கானையும் சேர்த்து நீட்டினாள். முக்காடு போட்ட ஒரு பெண் வாங்கினாள். அவளும் அதேபோல, மடியில் கிடந்த பிள்ளையிலிருந்து தொடங்கினாள். ஒருவரும் தள்ளுப்படவில்லை. மூடி கைமாறிக் கைமாறிப் பின்பக்கம் போனது.

"பெரியப்பா செய்யிறது உதுதானோ?" என்றான் ரூபன், மரப்படகின் விளிம்பைப் பிடித்தபடி.

"உதுதான்."

அவனுக்குப் பின்னால் மற்றப் படகுகளும் தண்ணீரோடு வந்தன.

மத்தியானம் ஒரு கப்பல் வந்து மரப்படகைத் திருகோணமலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அடைத்து வைப்பார்களோ, திருப்பி அனுப்புவார்களோ, கரையில் ஒருவருக்கும் தெரியாது. கமலாசனி அது மறையும்வரை நின்றாள். எங்கேயோ ஒரு தாய் போன் எடுத்துக் கேட்பாள், தண்ணி குடுத்தவையோ என்று. ஓம் என்று சொல்ல அந்தப் படகில் நூறு பேர் இருக்கிறார்கள்.

அடுத்த நாள் விடிய, ரூபன் படலையடியில் நின்று கத்தினான்.

"பெரியம்மா, மற்றக் கான் எங்கை?"

"நேற்று அவையோடை போயிட்டுது."

"அப்ப இண்டைக்கு?"

"கடை திறந்திருக்கும். வாங்கிக்கொண்டு வா, நிரப்பித் தாறன்" என்றாள் கமலாசனி. "மூடி இறுக்கமோவெண்டு பாத்து வாங்கு."