விளக்கு மலையேறும் வரை

"உன் கண்ணுக்கு எதும்மா நல்லா இருக்கு, சொல்லு" என்று அப்பா ஒருமுறை கஸ்தூரியைக் கேட்டார். மூன்றாம் படிவ வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட பிறகு, அந்த வீட்டில் யாரும் அவளிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்டதும் கேட்டார், அக்காள் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

சங்கதி இதுதான். அப்பா சதாசிவம் சிம்பாங் ரெங்கம் ஊரில் இருந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய பிளாஸ்மா டிவியை மாட்டினார். அதற்கேற்ற படம் வேண்டுமென்று, ஸ்கூடாய் டவுன் கடைக்காரன் பேச்சை நம்பி எச்டி டிவிடி பெட்டி ஒன்றும் வாங்கினார். மறுமாதமே மருமகன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் வேலை முடிந்து வரும்போது புளூரே பெட்டியோடு வந்து நின்றார். இதற்குப் போடும் டிஸ்க் அதில் ஓடாது, அதற்குப் போடுவது இதில் ஓடாது. மாமனார் டிஸ்க்குகளின் உறை சிவப்பு, மருமகனுடையவை நீலம். படம் பார்க்க உட்கார்ந்த இருவரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

"உங்க பெட்டில கறுப்பு கறுப்பாவே இல்லை மாமா. வெளுத்துப் போச்சு லா."

"சிங்கப்பூர்ல எல்லாமே ஒசத்திதான் மாப்பிள்ளை, இட்லியத் தவிர."

சிரிப்பில் தொடங்கிய பேச்சு சிரிப்பில் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை கை கழுவ எழுந்த ரூபேந்திரன் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா வாசுகி ஈரக்கையோடு பின்னாலேயே ஓடினாள். மறுநாள் போனில், இப்படியே போனால் அவர் வரமாட்டார், தானும் வருவதற்கில்லை என்று தங்கையிடம் அழுதாள்.

கஸ்தூரி வாய் திறந்து பேசுவதே அக்காவிடம் மட்டும்தான். வாரமெல்லாம் சேர்த்து வைத்ததைச் சனிக்கிழமை சமையல்கட்டில் கொட்டுவாள். அந்தச் சனிக்கிழமையும் கைவிட்டுப் போனால் அவள் யாரிடம் பேசுவாள்?

வாசுகி கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகக் கணவனை மறுபடியும் அழைத்து வந்தபோதுதான் அப்பா அந்தப் போட்டியை வைத்தார். ஆழ்கடலைப் பற்றிய ஒரே படம் சிவப்பு உறையிலும் இருந்தது, நீல உறையிலும் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, நடுவராகக் கஸ்தூரியை உட்கார வைத்தார். பேசாத பிள்ளை, பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு.

கஸ்தூரி இருவர் முகத்தையும் பார்த்தாள். சிவப்பு என்றால் அத்தான் எழுந்து போவார். நீலம் என்றால் அப்பா முகம் சுருங்கிப் போகும். அவள் கண்ணுக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. தப்பிக்க வழி தேடித் திரையையே வெறித்தாள். கரிய நீருக்கு நடுவே மஞ்சளாக ஏதோ அசைந்தது. மீன் போய்விட்டது, அது போகவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் சாமி மேடை. அதில் சாயங்காலம் அவளே எண்ணெய் ஊற்றி ஏற்றிய காமாட்சி விளக்கு.

"கடலுக்குள்ள நம்ம விளக்கு எரியுதுப்பா. அது மலையேறட்டும், அப்புறம் சொல்றேன்."

இருவரும் விளக்கைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். இத்தனை நாள் கறுப்பை வெளுக்க வைத்தது பெட்டி அல்ல, திரையில் விழுந்த இந்த விளக்கின் வெளிச்சம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ரூபேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விளக்கை யாரும் தொடக்கூடாது என்று அம்மா செல்வராணியின் குரல் சமையல்கட்டிலிருந்து வந்தது. ஏற்றிய விளக்கு எண்ணெய் தீர்ந்து தானாகத்தான் அடங்க வேண்டும், சாமிக்கு முன்னால் திரை கட்டுவதும் ஆகாது. ஆகவே காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது பசித்தது, தோசை வந்தது. சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலைப் பற்றி ரூபேந்திரன் புலம்பினார். அப்பா தன் முழங்கால் வலியைப் பற்றிப் புலம்பினார். இரண்டாவது தோசையை அப்பாவே எடுத்து மருமகன் தட்டில் வைத்தார். விளக்கு அடங்கியதும் கூடம் இருண்டது, கடல் கறுத்தது. எந்தப் பெட்டி ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கஸ்தூரியிடம் தீர்ப்பும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் விளக்கு முட்ட எண்ணெய் ஊற்றினாள்.

"ஏண்டி, வழிய வழிய ஊத்துற?" என்றாள் அம்மா.

"அக்கா வருதுல்ல."

அப்படியே சில மாதங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒருநாள் பத்திரிகையில் செய்தி வந்தது: சிவப்பு உறைக்காரர்கள் தோற்றுப்போனார்கள், இனி அந்தப் பெட்டியும் செய்வதில்லை, டிஸ்க்கும் வராது. அப்பா பத்திரிகையை மடித்து மெத்தைக்கடியில் செருகினார். பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடினார். சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தால் முழங்கால் வலி என்று சொல்லிவிடச் சொன்னார். கஸ்தூரி விளக்கில் எண்ணெயை நிறைத்துவிட்டு, மேடைக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

ரூபேந்திரன் வந்தார். தோசை வாசனைக்கு அப்பாவால் அறைக்குள் அதிக நேரம் படுத்திருக்க முடியவில்லை. வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பேப்பர் பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"எந்தப் பேப்பர் மாமா? விளக்கு இன்னும் எரியுது. சட்னியத் தள்ளுங்க."

அன்று படம் பாதி ஓடுவதற்குள் அப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போனார். வாசுகி அம்மாவிடம் சொல்லிக்கொண்டு காருக்குப் போனாள். முன்னமே காருக்குப் போயிருந்த ரூபேந்திரன் அவளைத் தாண்டி உள்ளே வந்தார், கையில் கனமான ஒரு பை. மாமனாரின் பெட்டி மேலிருந்த துண்டை மெல்ல எடுத்து மடித்தார். பையிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் அடுக்கினார். அத்தனையும் சிவப்பு உறைகள். சிங்கப்பூர்க் கடைகள் மிச்சச் சரக்கை மலிவாகத் தள்ளிவிட்டபோது வாரிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

திரும்பியவர், சமையல்கட்டு வாசலில் கஸ்தூரி நிற்பதைப் பார்த்தார். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.