ரெண்டு மிளகு

ஏற்காட்டு ஆண்களின் தலையைப் பற்றி ஜரீனாவுக்குத் தெரிந்த அளவு அவர்களைப் பெற்றவளுக்கும் தெரியாது, கட்டிக்கொண்டவளுக்கும் தெரியாது. ரஹீம் ஃபேன்சி ஸ்டோரின் கல்லாவில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் வந்த புதிதில் வளையல், ரிப்பன், சீப்பு, பவுடர் டப்பா தவிர கடையில் ஒன்றும் கிடையாது. ஆண்கள் தலைக்குப் பூசும் பொமேடு டப்பாக்களுக்கென்று ஓர் அலமாரியை ஒதுக்கியது அவள்தான். "இந்த மலையில இதையெல்லாம் எவன் வாங்குவான்?" என்று கேட்டார் அவளைப் பெற்ற அத்தா அப்துல் ரஹீம். வாங்கினார்கள். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு, "தம்பிக்குங்க, அவன்தான் கேட்டான்" என்று பொய் சொல்லி வாங்கினார்கள். இல்லாத தம்பிகளுக்கெல்லாம் அவள் டப்பா எடுத்துக் கொடுத்தாள்.

தலையைப் பார்த்தே கொடுப்பாள். மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு எண்ணெய்ப் பிடிப்புள்ள ரகம். தண்ணீரில் கரைகிற ரகத்தைப் பூசிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போனால் ஊர் போய்ச் சேர்வதற்குள் நெற்றியில் வழிந்துவிடும். பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கோ கரைகிற ரகம்தான். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்யும்போது ஈரக்கையால் தலையைத் தடவ வேண்டும். மெழுகு அப்பிய தலையில் தண்ணீர் பட்டதா இல்லையா என்று தொழுகையில் நின்றுகொண்டு எவன் யோசிப்பது? முடி உதிர்ந்தவர்களுக்கு மின்னாத ரகம். எஸ்டேட் ரைட்டர் மரியஅந்தோணி மட்டும் ஒவ்வொரு தடவையும் மின்னுகிற டப்பாவைத்தான் ஆசையாகக் கையில் எடுப்பார்.

"ஏனுங்க ரைட்டரே, அது உங்களுக்கு வேண்டாமுங்க. மின்னுச்சுன்னா வெளிச்சம் முடி இடுக்குல பூந்து மண்டையக் காட்டிக் குடுத்துரும்" என்பாள். அவர் முகம் சுருங்கும். ஆனால் அவள் சொன்னதைத்தான் வாங்கிப் போவார். விற்பனைக்காக ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல மாட்டாள் என்று மாரமங்கலம் வரைக்கும் பேர்.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு அவளிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. ஊரெல்லாம் பட்டாணி அளவு, கடலை அளவு என்று சொல்லும்போது, அவள் மிளகைச் சொன்னாள். சில்வர் ஓக் மரந்தோறும் மிளகுக்கொடி ஏறுகிற ஊரில் வேறு எதைச் சொல்வது? "ரெண்டு மிளகு அளவு எடுங்க. அதுக்கு மேல வேண்டாம். உள்ளங்கையில கட்டி கரையற வரைக்கும் தேய்ங்க. பின்னந்தலையில ஆரம்பிங்க, முன்முடி கடைசியா. எல்லாரும் முன்னால அப்பிட்டு அப்பறம் ஒட்டுது ஒட்டுதுன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றீங்க."

இந்தக் கடைதான் அவளுக்கு இருந்த ஒரே பிடி. ஆத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை அறுந்துபோய், கைக்குழந்தை ஆஃப்ரினோடு திரும்பி வந்த அன்றைக்கு, "கடை இருக்குதில்ல கண்ணு, உனக்கென்ன கவலை?" என்றார் அத்தா. அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் அவள் தன் நாட்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். இந்த வருடம் கட்டடக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதக் கேட்டபோது, "எனக்கும் முட்டி போயிருச்சு, பேரை மாத்திப் போட்டுறலாம்" என்றார் அத்தா. யார் பேரை என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தம்பி நவாஸ் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் ஜரீனாவின் இடுப்பில் வளர்ந்தவன். வேலை போன கவலையில் உச்சியில் முடி கழன்றிருந்தது. அவன் அதைப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அவளும் சொல்லிக் காட்டவில்லை. தினமும் காலையில் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, மின்னாத டப்பாவில் ரெண்டு மிளகு எடுத்து, பின்னாலிருந்து கோதிக்கொண்டு வந்து உச்சியை மூடிவிடுவாள். கண்ணாடியில் பார்க்கும்போது பழைய நவாஸாகத் தெரிவான்.

"லாத்தா, இதையே ரீல்ஸா போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டான்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானம் முழுக்கப் படம் பிடித்தார்கள். அவன் ஸ்டூலில் உட்கார, அவள் பின்னால் நின்று தலையில் கைவைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள். ஜீப்பு, பனி, ஒளு, மண்டை வெளிச்சம், மிளகு என்று ஒன்று விடவில்லை.

"மொகம் மட்டும் வேண்டாம் லாத்தா. ஜமாத்துல நாலு பேரு அத்தாவக் கேப்பாங்க" என்றான். சரி என்றாள். குரலாவது வருமே.

குரலும் வரவில்லை. வீடியோவைப் பார்த்தபோது அவள் வார்த்தைகள் அவன் வாயிலிருந்து வந்தன. "எங்க கடைக்கு வர்றவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான் பிரண்ட்ஸ். ரெண்டு மிளகு!" பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் மட்டும் அவன் தலையில் வேலை செய்தன.

"உன் குரல் சரியா விழல லாத்தா. வெளிய ஒரே பஸ் சத்தம்" என்றான். அவன் குரலுக்கு மட்டும் எந்த பஸ்ஸும் குறுக்கே வரவில்லை போலிருக்கிறது.

ஏரிக்கு வருகிற சேலத்துப் பையன்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "ரெண்டு மிளகு அண்ணன் இருக்காருங்களா?" என்றுதான் படியேறினார்கள். ஒருவனுக்குச் சுருட்டை முடி. ஜரீனா பார்த்ததும் அதற்கேற்ற டப்பாவை எடுத்து, எப்படிப் பூச வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். அவன் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதெல்லாம் அண்ணன் வீடியோவுல சொல்லிட்டாருங்க அக்கா. அவரு வரட்டும், எந்த டப்பான்னு அவரக் கேட்டே வாங்கிக்கறோம்."

அவளுக்கு வாய்வரை வந்தது. நான்தான்டா அது என்று சொன்னால் நம்புவானா? டப்பாவை உள்ளே வைத்தாள். அத்தாவோ தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "நம்ம நவாசு நொம்பப் பெரிய ஆளாயிட்டான்" என்று போனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆஃப்ரின்தான் பள்ளிக்கூடத்துப் பையைக் கழற்றாமலே போனை நீட்டினாள். வீடியோவின் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: 'அண்ணா, அந்தக் கை யாரோடது?' நவாஸ் பதில் போட்டிருந்தான்: 'நம்ம கடைல வேலை செய்யற அக்கா.' பக்கத்தில் கும்பிடுகிற கை ஒன்று.

வெளியாளுக்கு அதில் ஒரு குற்றமும் தெரியாது. அக்கா என்றால் அக்காதானே? ஆனால் அந்த வீட்டில் கூடப் பிறந்தவளுக்குப் பேர் லாத்தா. அக்கா என்பது ஊருக்கெல்லாம் பொதுவான சொல். பால் ஊற்ற வருகிற அருக்காணியும் அவனுக்கு அக்கா, பஸ்ஸில் இடம் கேட்டு நிற்கிற யாரோ ஒருத்தியும் அக்கா. லாத்தா என்று அவன் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அவன் ஒருதரம்கூட அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோறு போடும்போது கேட்டேவிட்டாள்.

"அக்கான்னுதான லாத்தா போட்டிருக்கறேன்? மரியாதையாத்தான இருக்குது?" என்றான் நவாஸ், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "லாத்தான்னு போட்டா பாக்கறவங்களுக்குப் புரியாது."

"கூடப் பொறந்தவன்னு போட்டிருந்தா புரியுமில்ல?"

"அட, இதுக்கெல்லாமா கண்ணு மொகத்தத் தூக்கி வெச்சுக்குவாங்க? சோத்தப் போடு" என்றார் அத்தா.

போட்டாள்.

ஒப்பந்தம் எழுதி வந்த அன்றைக்கு அத்தா கடைக்குள் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் பொமேடு அலமாரியைப் பார்த்துப் பேசினார். "நவாசு பேர்ல போட்டாச்சு கண்ணு. வர்றவங்க அவனத்தான கேட்டுட்டு வர்றாங்க. அவனுக்கும் ஒரு பொழப்பு வேணுமில்ல? நீ ஊட்ட உட்டோ கடைய உட்டோ எங்கயும் போவ வேண்டாம். மாசாமாசம் சம்பளம் மாதிரி ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கறேன்."

"கடை இருக்குது, உனக்கென்ன கவலைன்னு சொன்னீங்களேங்க அத்தா."

"இப்பவும் இருக்குதில்ல?"

"அவன் பேசறதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுங்க."

"தம்பிக்குச் சொல்லிக் குடுத்தத எல்லாம் யாராச்சும் கணக்குப் பாப்பாங்களா?" என்று அவர் வருத்தப்பட்டார். மகளுடைய மனது இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம். நல்ல மனிதர்தான். வேலை செய்கிற அக்கா என்று மகன் எழுதிய பொய்யை ஒரே கையெழுத்தில் உண்மையாக்கிவிட்டு, அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்.

அன்று ராத்திரி அவள் அழுதாள். ஆஃப்ரினைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாமா என்றும் பார்த்தாள். எங்கே என்பதுதான் கிடைக்கவில்லை. காலையில் வழக்கம்போல வந்து ஷட்டரைத் தூக்கினாள்.

நவாஸ் உள்ளே ஸ்டூலைப் போட்டு, புதிதாக வாங்கிய வட்ட விளக்கை நிறுத்தி, போனை மாட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு நேரலை, ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள் என்று நேற்றே சொல்லியிருந்தான்.

"லாத்தா, வா."

ஜரீனா கல்லாவில் உட்கார்ந்து சீப்புகளை அட்டையில் செருகிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"லாத்தா! கை வேணும், வா."

ஒரு சீப்பை நேராக வைத்துவிட்டு அடுத்த சீப்பை எடுத்தாள். பிறகு அவன் கோபத்திலோ விளையாட்டாகவோ, அந்தச் சொல்லைச் சொன்னான்.

"அக்கா!"

உடனே எழுந்தாள். "சொல்லுங்க. என்ன வேணுமுங்க?"

அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான். பிறகு சிரித்துச் சமாளித்தான். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் தன்னை 'ங்க' போட்டுப் பேசுவது அவனுக்குக் குத்தியிருக்கும். ஆனால் நேரலைக்கு நேரமாகிவிட்டது. அலமாரிக்குக் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்தான். மின்னுகிற ரகம். மரியஅந்தோணி ஆசையாக எடுக்கிற அதே டப்பா.

"லைட்டுக்கு இதுதான் பளிச்சுன்னு இருக்கும்னு தோணுது. போடலாமா? நல்லா இருக்குமா?"

ஜரீனா அவன் உச்சந்தலையைப் பார்த்தாள். விளக்கு நேர் மேலே நின்றது. தினம் தினம் அவள் மூடிவைத்த இடம், அவளுக்கு மட்டும் தெரிந்த இடம். பதினோரு வருடத்தில் இந்தக் கடைக்குள் யாருடைய தலைக்கும் அவள் தப்பான டப்பாவைக் கொடுத்ததில்லை.

"நொம்ப நல்லா இருக்குமுங்க" என்றாள்.

டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, ரெண்டு மிளகு எடுத்தாள்.